நரம்பு பிளாக் ‘பிடித்துவிட்டது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

முழு மயக்கம் கொடுக்காமல், அறுவை செய்யும் கைக்குப் போகும் நரம்புகளைச் சுற்றி மட்டும் மரப்பு மருந்து செலுத்துவதுதான் நரம்பு பிளாக். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள் கேட்பது இதுதான்: ஊசி போட்ட பிறகு டாக்டர் ஏன் ஐஸை வைத்து வைத்துப் பார்க்கிறார்?

நரம்புக்குள் சோடியம் நுழைந்தால்தான் செய்தி நகரும். மருந்து அந்த வாசலை அடைக்கிறது. வலியையும் குளிர்ச்சியையும் சுமக்கும் மெல்லிய இழைகள் பொதுவாக முதலில் அடங்கும். தொடுதலையும் அசைவையும் கவனிக்கும் தடித்த இழைகள் அப்புறம்தான். அதனால் ஐஸ் சில்லென்று தெரியவில்லை என்றால் கத்தியும் வலிக்காது என்று ஓரளவு நம்பலாம். மருந்தைப் பொறுத்து இதற்கு 20, 30 நிமிடம்கூட ஆகும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தால் அந்த வீடு மட்டும் இருட்டாகும், பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதுபோலத்தான். ஆனால் கைக்குப் பல வயர்கள். ஒன்று தப்பினாலும் சுண்டுவிரல் பக்கம் மட்டும் விழித்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு இடமாகச் சோதிக்கிறார்கள்.

சரி, வெற்றி எது? மருத்துவர்களிடமே ஒரே அளவுகோல் இல்லை. சிலருக்கு ஐஸ் சோதனையே போதும். சிலர், முழு மயக்கத்துக்கு மாறாமல் அறுவை முடிந்ததா என்று பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் நேர்மையான கணக்காகப் படுகிறது.

அறுவையின்போது இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தால் பிளாக் தோற்றுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். அது இயல்பு, வலி தெரிந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.