போர் வியூகப் பலகை விளையாட்டுகளில் எது இரு தரப்புக்கும் நியாயமானது?

கேட்டவர் ரிஸ்க் (உலக வரைபடத்தில் பகடை உருட்டி நாடு பிடிக்கும் விளையாட்டு) பெட்டி வாங்கி மூன்று பேராக ஆடியிருக்கிறார். மற்ற இருவரும் கூட்டுச் சேர்ந்து அவரைக் காலி செய்துவிட்டார்களாம். பகடை இல்லாமல், இரு பக்கமும் சமமான படையோடு இருக்கும் விளையாட்டுதான் நியாயமானதா என்று கேட்கிறார்.

படை சமமாக இருந்தால் ஆட்டமும் நியாயம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். நாங்கள் திண்ணையில் கரித்துண்டால் கட்டம் போட்டு ஆடி வளர்ந்த ஆடு புலி ஆட்டத்தில் படை கொஞ்சமும் சமமில்லை. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும், பதினைந்தும் இறங்கி முடியும்வரை ஒன்றும் நகரக்கூடாது. புலியோ அதற்குள்ளேயே வேட்டையைத் தொடங்கிவிடும். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார்.

புதிதாக ஆடுகிறவர்கள் ஆட்டை எடுத்தால் பெரும்பாலும் தோற்பார்கள். அவசரப்பட்டு நடுவில் இறக்கி, முதுகுப்புறத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். ஓரத்திலிருந்து ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து இறக்கக் கற்றுவிட்டால், புலிக்காரருக்கு வியர்க்கும். நேபாளத்தில் இதற்கு உறவான பாக் சால் என்ற ஆட்டம் இருக்கிறது: 4 புலி, 20 ஆடு. அதைக் கணினியில் முழுக்க அலசியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் சமனில் முடியுமாம். நான்குக்கு இருபது என்று நிறுத்தியும் தராசு நேராக நிற்கிறது.

இதற்கு நேர்மாறு ஹெக்ஸ், அறுகோணக் கட்டங்களில் காய் வைத்துப் பலகையின் ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்குப் பாதை போடும் ஆட்டம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் காய், ஒரே விதி. ஆனாலும் முதலில் ஆடுகிறவருக்கு வெற்றி வழி கட்டாயம் உண்டு என்று கணித மேதை ஜான் நாஷ் நிரூபித்தார். அதனால்தான் அங்கே ஒரு விதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: முதல் காயை ஒருவர் வைத்ததும், அந்தப் பக்கத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாமா என்று மற்றவர் முடிவு செய்யலாம். இனி யார் துணிந்து நல்ல இடத்தில் முதல் காயை வைப்பார்கள்?

செஸ்ஸிலும் முதல் நகர்வு என்பது தலைமடையில் வயல் வைத்திருப்பது போலத்தான். தண்ணீர் எல்லோருக்கும் வரும், அவருக்கு முந்தி வரும். பெரிய போட்டிகளின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வெள்ளைக்கு நூற்றுக்கு 54, 55 புள்ளி விழுகிறது. தனி ஒரு ஆட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. 2024 உலகப் பட்டத்தைக் கடைசி 14-வது ஆட்டத்தில் குகேஷ் கருப்புக் காயோடுதான் வென்றார். ஆனால் அந்தப் போட்டியையே ஆளுக்கு ஏழு வெள்ளை, ஏழு கருப்பு என்றுதானே வைத்திருந்தார்கள்? (எங்கள் பக்கத்துத் திருப்பூவனூரில் சிவனுக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து மணம் முடித்ததாகத் தலபுராணம். அவர் எந்தக் காய் ஆடினார் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை.)

உங்கள் ரிஸ்க்குக்கு வருகிறேன். பகடைமேல் பழி போடாதீர்கள். இரண்டு பக்கப் பகடையிலும் ஒரே எண் விழுந்தால் தற்காப்பவருக்கு வெற்றி என்பதால் தாக்குகிறவருக்கு நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பகடை உருட்டினால் அது சரி, 36-ல் 15 முறைதான் தாக்குகிறவர் ஜெயிப்பார். ஆனால் மூன்று பகடையால் தாக்கி இரண்டால் தடுக்கும்போது கணக்கு திரும்பிவிடும்: இரண்டு படையும் போவது தற்காப்பவருக்கு நூற்றுக்கு 37 முறை, தாக்குகிறவருக்கு 29 முறை. பெரிய படையோடு பதுங்கி உட்கார்ந்திருப்பவரை ரிஸ்க் தண்டிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் ஒரே விதி. உண்மையான கோளாறு மூன்றாவது ஆள். தனக்கு ஜெயிக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் போகிறபோக்கில் யாரையாவது ராஜாவாக்கிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் போங்காட்டம். மூன்று பேராக ரிஸ்க் ஆட வேண்டாம் என்பது என் கட்சி.

அந்தக் கூட்டணி விளையாட்டு பிடிக்குமென்றால், ஐரோப்பிய வரைபடத்தில் ஆடும் டிப்ளமசி இருக்கிறது. பகடை கிடையாது, ஏழு நாடுகளும் உத்தரவைக் காகிதத்தில் எழுதி ஒரே நேரத்தில் திறப்பதால் முந்தி ஆடினார் பிந்தி ஆடினார் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மூலையில் இருக்கும் துருக்கியும் நடுவில் நாலா பக்கமும் இடிபடும் ஆஸ்திரியாவும் ஒன்றாகுமா? துரோகம் செய்வதுதான் அங்கே ஆட்டமே என்பதால் அதைப் போங்கு என்று யாரும் சொல்ல முடியாது. மாமா மச்சானோடு ஆடாதீர்கள், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்த வழி வேறு. ஆடு புலியில் எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் மாமா ஆறு என்பார், மன்னார்குடியில் இருக்கும் சித்தி வீட்டில் எட்டு. சண்டை முற்றியபிறகு நாங்கள் ஏலம் விட ஆரம்பித்தோம். "ஆறு வெட்டுறேன், புலி எனக்கு" என்று ஒருவர் கேட்டால், "நான் ஏழு" என்று அடுத்தவர் ஏற்றுவார். அதிகம் கேட்டவருக்குப் புலி. புலிதான் பலசாலி என்று நினைப்பவர் அந்த நினைப்புக்கு விலை கொடுத்துத்தான் புலியை எடுக்க முடியும். ஆக்சிஸ் அண்ட் அலைஸ் என்ற இரண்டாம் உலகப் போர்ப் பலகை ஆட்டத்தின் தீவிர ரசிகர்களும் இதையேதான் செய்கிறார்கள்: பலவீனமான பக்கத்தை எடுக்க ஆட்டக் காசு கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள், குறைவாகக் கேட்டவருக்கு அந்தப் பக்கம். கருப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்கும் கோ விளையாட்டில் இரண்டாவதாக ஆடுகிறவருக்கு ஜப்பானில் 6.5 புள்ளி, சீனாவில் 7.5 புள்ளி இனாம். அதுவும் இதே சங்கதிதான், விலையை மட்டும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு பேர் என்றால் ஆடு புலி ஆடுங்கள், ஏலத்தோடு. ஏலம் வேண்டாமென்றால் பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடி, யார் அதிக ஆடு வெட்டினார் என்று கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு பேர் என்றால் உங்கள் ரிஸ்க்கையே இரண்டுக்கு இரண்டு அணியாக ஆடிப் பாருங்கள். அணியை ஆட்டம் தொடங்கும்முன் சீட்டுப் போட்டு எடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது.