ஜோடியாக ஒரு நாள், சொந்த ஊரில், டிக்கெட் இல்லாமல்: கேள்வி பதில்

சொந்த ஊரிலேயே காசு கொடுக்காமல் ஒரு நாள் முழுக்க எப்படிச் சுற்றுவது என்று தம்பதிகள் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, இந்த ஊரில் வருடக்கணக்காக இருக்கிறோம். எல்லாம் பார்த்தாச்சு. புதிதாக என்ன இருக்கப் போகிறது?

எப்போது பார்த்தீர்கள்? பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கூட்டிப் போனபோது, இல்லையென்றால் வெளியூர் விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டியபோது. விருந்தாளியோடு போனால் வண்டியை எங்கே நிறுத்துவது, அவருக்குப் பசிக்கிறதா என்பதிலேயே பாதி கவனம் போய்விடும். அதைப் பார்த்த கணக்கில் சேர்க்க முடியாது.

உள்ளூர் மாடு விலை போகாது என்பது ஊருக்கும் பொருந்தும். பக்கத்தில்தானே இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளிப்போட்டே காலம் ஓடிவிடும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் நாளாகப் பார்த்துப் பிடியுங்கள். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள், 1977-இலிருந்து கொண்டாடுகிறார்கள். ஏப்ரல் 18 நினைவுச் சின்னங்களுக்கான நாள். இந்த இரண்டு நாட்களிலும் நுழைவுக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் இடங்கள் பல நாடுகளில் உண்டு. சில நகரங்களில் வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் கட்டடங்களைக்கூடத் திறந்துவிடுவார்கள். பிரான்சில் 1984-இல் தொடங்கிய பாரம்பரிய நாட்கள் இன்று ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கின்றன. லண்டனில் 1992-இலிருந்து இப்படி ஒரு திறந்த கட்டட விழா நடக்கிறது. தனியார் வீடுகள்கூடச் சில அதில் சேர்ந்துகொள்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஏதாவது உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: இலவசம் என்று நம்பிப் போனோம். முன்பதிவு இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இலவசத்திலும் ரகம் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போலப் பொது அனுமதிக்குக் காசு கேட்காத இடங்கள் ஒன்று. குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இலவசமாக விடும் இடங்கள் இன்னொன்று. மாட்ரிட்டின் பிராடோவில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் கட்டணம் இல்லை. மூன்றாவதுதான் உங்களை ஏமாற்றிய ரகம்: காசு வேண்டாம், ஆனால் பெயர் பதிந்திருக்க வேண்டும். பெர்லின் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம் அப்படித்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நேரம் பார்க்காதீர்கள். நேரத்தைப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காசு வாங்காத இடம் உங்கள் நேரத்தை வாங்கிக்கொள்ளும். இலவச நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும் என்பதால், உள்ளே போனதும் ஒரே ஒரு கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலவச நடைச் சுற்றுலா என்று பல நகரங்களில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். முடிவில் மனம்போல் கொடுங்கள் என்பார்கள். வழிகாட்டியின் வருமானமே அந்த டிப்ஸ்தான். கொடுக்காமல் நழுவலாம் என்ற எண்ணத்தோடு போகவேண்டாம்.

கேள்வி: எனக்கு மியூசியம் என்றால் உயிர். அவருக்கோ வாசலிலேயே கொட்டாவி வந்துவிடும்.

அவரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே இந்த அலுப்பைப் பற்றி எழுதிவிட்டார். ஓர் ஆளைக் காட்சிப் பெட்டிகளுக்கு முன் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்க்க அவர் எப்படிக் குனிகிறார், கழுத்தை வளைக்கிறார், மண்டியிடுகிறார் என்று போட்டோ எடுத்துக் காட்டினார். அலுப்பில் பெரும்பங்கு உடம்பு வலி என்பது அவர் கட்சி.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பொருள் மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் விவரப் பலகையைப் படிக்காமல் சும்மா பார்த்துவிட்டு, என்ன பார்த்தோம் என்று மற்றவரிடம் சொல்லுங்கள். கற்சிலை என்றால் முடிந்தவரை பின்பக்கம் போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மாடத்தில் வைக்கச் செய்த சிலையாக இருந்தால் முன்னால் நகை, மடிப்பு, விரல் நகம் என்று இழைத்திருப்பார்கள். முதுகு மட்டும் பொளிந்தபடியே கிடக்கும், உளி பட்ட வரிகள்கூடத் தெரியும். பழைய மண்பானையில் குயவர் விரல் பதிந்த தடம் அகப்பட்டாலும் அகப்படும். கொட்டாவி விடுகிறவர்கள்தான் இதையெல்லாம் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். மரியாதையோடு பார்க்கிறவர்கள் விவரப் பலகையைப் படித்து முடித்ததும் நகர்ந்துவிடுகிறார்களே!

கேள்வி: ஒவ்வொரு ஞாயிறும் அதே பூங்கா, அதே பெஞ்ச். இது போதாதா?

போதும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் சக ஆய்வாளர்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒருவரோடொருவர் சேர்த்துக் கட்டினார்கள். கை படாமல் ஒரு தலையணையைத் தங்களுக்கிடையே தாங்கிக்கொண்டு அவர்கள் பாயில் தவழ வேண்டும். வேறு ஜோடிகளுக்குப் பந்தை உருட்டிவிடும் சலிப்பான வேலை. ஏழே நிமிடம்தான். முடிவில், தங்கள் உறவு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குத் தவழ்ந்து சிரித்தவர்களே கூடுதல் நிறைவோடு பதில் சொன்னார்கள்.

நீங்கள் பூங்காவில் தவழ வேண்டாம். வழக்கமான வாசலுக்குப் பதில் பின்வாசல் வழியாக வெளியே வந்து, ஒவ்வொரு முச்சந்தியிலும் நாணயத்தைச் சுண்டிப் போட்டு, பூ விழுந்தால் இடது, தலை விழுந்தால் வலது என்று ஒரு மணி நேரம் நடங்கள். பழைய கட்டடங்களின் நெற்றியில் கட்டிய வருடம் பொறித்திருக்கும். யார் அதிகப் பழையதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள்.

கேள்வி: மழை வந்துவிட்டால்?

பொது நூலகம். இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் நீதிமன்றம். பல நாடுகளில் வழக்கு விசாரணையைப் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். போனை அணைத்துவிட்டு, அடக்கமாக உடுத்திப் போங்கள். வாரநாளில்தான் நடக்கும்.

கேள்வி: இரண்டு பேருக்கும் வேலை. இருட்டின பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பவே முடிகிறது.

அப்படியானால் உங்களுக்கு வானம்தான் சரி. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே எதிர்த்திசையில் நிலா எழும். ஒரு மேடான இடம் கிடைத்தால் ஒரு பக்கம் அது, மறு பக்கம் இது. ஆனால் தொலைநோக்கியில் பார்க்கப் பௌர்ணமி சுத்த மோசம். வெளிச்சம் நேராக அடிப்பதால் எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறையில் அரை நிலாவைப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து, ஒவ்வொரு விளிம்பும் எழும்பி நிற்கும். தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர் குழுக்கள் பல ஊர்களில் இலவசமாகவே காட்டுகின்றன.

சர்வதேச விண்வெளி நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. கீழே இருட்டிய பிறகும் அதன் மேல் வெயில் பட்டுக்கொண்டிருப்பதால், அந்தி முடிந்த கொஞ்ச நேரத்தில் மினுக்காத பெரிய வெள்ளைப் புள்ளியாக ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடக்கும். உங்கள் ஊருக்கு மேல் எப்போது வரும் என்று நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலி சொல்லும். நகர வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும்.

கேள்வி: செலவே இல்லை என்று கிளம்புகிறோம். திரும்பும்போது பர்ஸ் காலி.

தண்ணீர், பசி, வண்டி நிறுத்தம்: மூன்று ஓட்டைகள். முதல் இரண்டை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துப் போங்கள். மூன்றாவதற்கு நடை. வெளியேறும் வழியில் வைத்திருக்கும் பரிசுப் பொருள் கடையில் நிற்காதீர்கள்.

கேள்வி: இலவச இடமாகவே கூட்டிப் போவதால் மனைவி என்னைக் கஞ்சன் என்கிறார்.

இலவசம் என்று நீங்கள் ஏன் வாயைத் திறந்தீர்கள்?

கேள்வி: எங்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி. நடையெல்லாம் ஆகாது.

நடக்கவே வேண்டாம். விடிந்து முதல் இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பறவை எண்ணுங்கள். பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, 1998-இல் தொடங்கியது. குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்திலிருந்து பார்த்ததை அனுப்பினால் போதும். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத, வேலை பிரிந்துவிடும். அருங்காட்சியகம் போனால், மடக்கு நாற்காலியோ சக்கர நாற்காலியோ இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். பெரிய இடங்கள் பலவற்றில் தருவார்கள்.

கேள்வி: போன் எடுத்துப் போகலாமா?

ஒன்று போதும், வழி பார்க்கவும் முன்பதிவைக் காட்டவும். யாருடையது என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிடுங்கள்.