71 டாக்கா மிக்-21க்கு 32 ஓட்டை பாட் வராதுங்க

1971 போர்ல டாக்காவ அடிச்ச இந்திய விமானப்படை மிக்-21 போர் விமானத்தோட பிளாஸ்டிக் மாடலுக்கு, கிட்ல வந்த 32 ஓட்டை பாட (ராக்கெட் வைக்கிற உருளைக் கூடு) மாட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. யூபி-16ங்கிற 16 ஓட்டை பாட் தான் மாட்டணும், றெக்கைக்கு ஒண்ணு. 1971 டிசம்பர் 14ல டாக்கா கவர்னர் மாளிகையை அடிச்ச மிக்-21 எல்லாம் 57 மிமீ எஸ்-5 ராக்கெட்ட தான் கொண்டுபோச்சு, ஒரு பாட்ல 16.

உங்க கிட்ல 32 ஓட்டை பாட் இருக்குன்னா, அனேகமா பின்னால வந்த மிக்-21 மாடலுக்கும் சேர்த்து ஒரே அச்சுல போட்டிருப்பாங்க, அதனால பாகங்க ஒட்டி வர்ற மிச்ச ஃப்ரேமையும் ஒருவாட்டி நல்லா தேடிப் பாருங்க.

ஸ்கேல் வச்சு பாட்டோட குறுக்களவ அளங்க. 1/72ல (நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவுல) யூபி-16 நாலரை மில்லி தான் வரும், 32 ஓட்டை பாடான யூபி-32 ஏழு மில்லிகிட்ட வந்துடும். ராக்கெட் குழாய் வாய்க்கு ஓட்டை போட 0.8 மில்லி ட்ரில் பிட் போதும்.

மியூசியத்துல நிக்கிற விமானத்த மட்டும் நம்பாதீங்க, பாட்ட அப்புறமா மாட்டியிருக்கலாம். அப்புறம் இந்த கடலூர் புழுக்கத்துல மழை நாள்ல லாக்கர் பெயிண்ட் அடிக்காதீங்க, வெள்ளையா பூத்துடும், அவ்ளோ உழைப்பும் வீணாயிடும்.