வீட்டு ஆடியோ சிஸ்டத்தில் பாட்டை எவ்வளவு சத்தமாக வைத்துக் கேட்பது சரி?

புதிதாக ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கியிருக்கிறீர்கள், வால்யூமை எத்தனையில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை யாராலும் சொல்ல முடியாது. என் ஆம்பில் 30 என்பது உங்கள் ஆம்பில் 45 ஆக இருக்கலாம். ஒரே ஆம்பில்கூட, பழைய கச்சேரிப் பதிவு 40-ல் மெல்லக் கேட்கும், இன்றைய சினிமாப் பாட்டு 25-லேயே காதை அடைக்கும். எண்ணை விட்டுவிட்டு, பதிவில் இருக்கும் குரலையும் வாத்தியத்தையும் கவனியுங்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் அத்தை. முப்பது வருடமாக வீணை வாசிப்பவர். நான் முதல்முதலாக நல்ல ஸ்பீக்கர் வாங்கியபோது, பெருமையாக ஒரு வீணைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீணை இவ்வளவு சத்தம் போடாதுடா, குறைச்சு வை" என்றார். குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார். ஒன்றுமே கேட்கவில்லையே என்றேன். எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் கேட்டது: மீட்டிய பின் தந்தி ஓயும் வரை இழுத்துக்கொண்டு போகும் கமகத்தின் (சுரத்தை அசைத்து வாசிப்பதன்) வால், வீணைத் தண்டில் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு நகரும்போது விரல் தேயும் சத்தம் எல்லாம். அந்த வால்யூமில்தான் எதிரே ஜமுக்காளத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. கூட்டி வைத்திருந்தபோது வீணை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றதே தவிர, வீணையாக இல்லை.

நம் வீடுகளில் பாதி நேரம் பாட்டுக்காக வால்யூமைக் கூட்டுவதில்லை, ஃபேனையும் தெருவையும் ஜெயிப்பதற்காகக் கூட்டுகிறோம். போனில் அளந்து பார்த்தேன், என் அறையில் ஃபேன் மட்டும் 50 டெசிபல் பக்கம் காட்டியது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை ஒரு படி குறைத்தால் வால்யூமையும் கணிசமாகக் குறைக்கலாம். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கும் அறையில் சத்தம் மோதி மோதித் திரும்பி வந்து இரைச்சலாகிவிடும். தடித்த திரை, தரையில் விரிப்பு, புத்தக அலமாரி இருந்தாலே போதும், குரல் தெளியும்.

வீணைக்கு நாதஸ்வரம் நேர்மாறு. கோயில் பிராகாரத்துக்கும் வீதி உலாவுக்கும் பிறந்த வாத்தியம் அது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதை அசல் சத்தத்தில் வைத்தால் யாராலும் உட்கார முடியாது. அதற்காக மெல்லிசாக வைத்தாலும் அதன் வீரியம் போய்விடும். நான் அதைக் கொஞ்ச நேரம் மட்டும் கூட்டி வைத்துக் கேட்பேன்.

குறைத்து வைத்தால் பாட்டு சப்பென்று ஆகிறது என்று பலர் சொல்வார்கள். அது உண்மை, குறை ஸ்பீக்கரில் இல்லை. சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை, அதாவது அடித்தொனி ஒலிகளை, அதிகமாக இழக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பழைய ஆம்புகளில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் இருப்பது இதற்காகத்தான். இரவில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பேஸை ஒன்றிரண்டு படி கூட்டுங்கள். வால்யூமை ஏற்றும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

இனி காது. இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி, 86-ல் 10, 92-ல் வெறும் இரண்டரை. குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபலில்தான். உட்செவியில் இருக்கும் மயிர்க்கலங்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இருபத்தைந்து வயதில் நண்பர்களோடு தங்கியிருந்த அறையில் தினமும் ராத்திரி உச்சத்தில் வைத்துக் கேட்டவன் நான். கேட்டு முடித்ததும் காதில் 'ஙொய்' என்று வரும், காலையில் போய்விடும். ஒருநாள் போகவில்லை. இடது காதில் இன்றும் அது இருக்கிறது. பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் திறன் பள்ளமாக விழுந்திருந்தது. இரைச்சலால் கெட்ட காதில் வழக்கமாக அங்கேதான் பள்ளம் விழும் என்றார் மருத்துவர். பாட்டு நின்ற பிறகு காது ரீங்கரித்தால், அன்று அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

ஆம்பில் 100 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். சாதாரணமாகக் கேட்கும்போது ஒரு வாட் செலவானாலே அதிகம். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். அதனால் குமிழை இன்னும் கொஞ்சம் என்று திருப்பும்போது ஆம்ப் சட்டென்று எல்லையைத் தொட்டுவிடும். குரல் கரகரப்பாக மாறினால் உடனே இறக்குங்கள், ஸ்பீக்கருக்குள் உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டர் கருகுவது அப்போதுதான்.

குடியிருப்புப் பகுதியின் வெளிச்சூழலுக்கு இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. பேஸ் தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். பேஸுக்கென்றே தனியாக இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த ரப்பர் போடுங்கள். ஒருநாள் கீழே போய், உங்கள் பாட்டு அங்கே எப்படிக் கேட்கிறது என்று நின்று கேட்டுவிட்டும் வாருங்கள்.

போனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்று போட்டு, உட்காரும் இடத்தில் காதின் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் குத்துமதிப்புக்குப் போதும். என் வீட்டில் மாலையில் 70 முதல் 75. ஞாயிறு காலை நாதஸ்வரம் அரைமணி நேரம், 82 வரை. பத்து மணிக்கு மேல் 55, லவுட்னஸ் போட்டு. வீணை என்றால் எந்த நேரமானாலும் 65-ஐத் தாண்டுவதில்லை, ஃபேனையும் நிறுத்திவிடுவேன்.