ஒரே தேதி இரண்டு முறை வந்தால் கப்பல் டைரி போலியா?

கேள்வி: 1885-ல் லண்டனிலிருந்து மெல்போர்ன் போய் அதே ஆண்டு டிசம்பரில் திரும்பிய பாய்மரக் கப்பலில் பயிற்சி மாலுமியாக இருந்த ஒரு பையனின் டைரி என்னிடம் உள்ளது. அதில் செப்டம்பர் 16, புதன்கிழமை இரண்டு முறை வருகிறது. ‘போலிதான், ஆனாலும் ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார் தரகர். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த இரண்டு புதன்கிழமைகளும் டைரிக்குச் சாதகமான சாட்சி.

மெல்போர்னிலிருந்து திரும்பும் பாய்மரக் கப்பல்கள் தென்கடலில் மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி இங்கிலாந்து சேரும். சூரியன் உச்சிக்கு வருவதைப் பார்த்துத் தினமும் கப்பல் கடிகாரத்தைத் திருத்துவார்கள். தெற்கே 50 பாகையில் ஒரு நாளில் 200 கடல் மைல் கிழக்கே ஓடினால், சுமார் 20 நிமிடம் முன்னே தள்ள வேண்டும். உலகைச் சுற்றி முடிப்பதற்குள் இந்த நிமிடங்கள் சேர்ந்து ஒரு முழு நாளாகிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் பசிபிக் கடலின் நடுவே உள்ள 180 பாகை தீர்க்கரேகையைத் தாண்டும்போது ஒரு தேதியை இருமுறை எண்ணினார்கள்.

பையன் கப்பல் இருந்த இடத்தைக் குறித்திருந்தால் பாருங்கள். முதல் புதனையொட்டி 178 கிழக்கு என்பதுபோல் இருந்து, அடுத்து 177 மேற்கு என்று மாறியிருக்கும். ஓரிரு நாள் முன்பின் இருந்தாலும் தவறில்லை. தேதியை எப்போது மாற்றுவது என்பது கேப்டன் முடிவு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து சிட்னிக்கு மேற்கு நோக்கிப் போன கப்பலில் ஒரு தேதி காணாமல் போகும். ஹார்ன் வழியாகவே சான்பிரான்சிஸ்கோ போய் அதே வழியில் திரும்பினால் இரண்டும் நடக்காது. நன்னம்பிக்கை முனை வழியாகக் கல்கத்தா போய்த் திரும்பினாலும் அப்படியே. எனவே தேதியைவிட முதலில் பாதையைப் பாருங்கள்.

அடுத்து, பையன் நிஜமா? ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. அதனால் கப்பலின் அரசுப் பதிவு எண் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இந்த எண்ணைத் தேடித்தரக் கட்டணம் கேட்கும் ‘ஆய்வாளர்களுக்கு’ ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

அந்த எண்ணை வைத்துக் கப்பல் பணியாளர் பட்டியலைத் தேட வேண்டும். இந்தப் பட்டியல்களைச் சிதறடித்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பத்தில் ஒரு பங்கு லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். 5-ல் முடியும் ஆண்டுகளின் மிச்சம் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். மற்ற ஆண்டுகளின் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில். ஒரே கப்பலின் அடுத்தடுத்த பயணங்களைப் பார்க்கச் சாதாரண மனிதர் மூன்று வாசல் ஏற வேண்டுமா? உங்கள் பயணம் 1885-ல் முடிந்ததால் முதலில் கிரீனிச்சைக் கேளுங்கள். பயிற்சி மாலுமிகளின் பெயர்கள் பட்டியலில் தனிப் பகுதியில் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்பவரிடம் டைரியைக் கொடுக்கவே கூடாது. படம் வரைந்த பக்கங்களை மட்டும் அறுத்தெடுத்துத் தனித்தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியில் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, படமெடுத்து அனுப்பினால் போதும்.

எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால், அது பெரும்பாலும் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த மை. காகிதத்தை மெல்ல அரிக்கும். ஈரம் பட்டால் அரிப்பு பரவும். எனவே ஈரத்துணியால் துடைக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்கை வாட்டில் வையுங்கள்.