சிஸ்டம் ரொம்ப ஸ்லோ: ஃபார்மட் போடுவதா, ரேம் கூட்டுவதா, புதிதே வாங்கிவிடுவதா?

கேள்வியின் சாரம் இது: 2018-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. திரை வந்த பிறகும் நெடுநேரம் எதையும் தொட முடியவில்லை. குரோமைத் திறந்தால் "நாட் ரெஸ்பாண்டிங்". கடைக்காரர் ஃபார்மட் போடணும் என்கிறார், மைத்துனர் ரேம் கூட்டச் சொல்கிறார், வீட்டில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேருமே, சிஸ்டத்தில் எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் அல்ல. தெருவிலும் சொந்தத்திலும் யார் வீட்டிலாவது சிஸ்டம் படுத்துவிட்டால் எனக்குத்தான் போன் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிக்கு எனக்கு முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல். அடுத்தது ரேம். ஃபார்மட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆனாலும் என் ஊகத்தை நம்பி ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். சிஸ்டத்தையே கேட்டுவிடலாம்.

ஆன் செய்து, திரை வந்ததும், வேறெதையும் திறக்காமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே "மோர் டீடெய்ல்ஸ்" என்று இருக்கும், அதை அழுத்தினால் விரியும். சிபியு (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று வரிசையாகப் பத்திகள். எந்தப் பத்தி அடர் நிறமாகி 90, 100 என்று நிற்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சில வீடுகளில் டாஸ்க் மேனேஜர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும். அதுவே பாதி விடை.

உங்கள் சிஸ்டத்தில் டிஸ்க் பத்தி 100%-ல் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன். கூடவே வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்றுதான் காட்டும். "ஒன்றிரண்டு எம்பிதான் ஓடுகிறது, அப்புறம் எப்படி 100%?" என்று பலரும் குழம்புவது இங்கேதான். அந்த 100% வேகத்தைச் சொல்லவில்லை. டிஸ்க் சும்மா இல்லாமல் வேலையில் இருந்த நேரத்தைச் சொல்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன் மேல் படித்து எழுதும் முனையான ஹெட் போய்ப் போய் வருகிறது. டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, லேப்டாப்பில் 5,400 சுற்று. 7,200 என்றாலும் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். ஹெட் இடம் மாறி, வேண்டிய பகுதி சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்க, சராசரியாக 12, 13 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஆக நொடிக்கு எண்பது துணுக்கு, மிஞ்சிப்போனால் நூற்றுச் சொச்சம். துணுக்கு ஒன்று 4 கேபி என்றால் நொடிக்கு அரை எம்பிகூடத் தேறாது. ஒரு சினிமாவைக் காப்பி செய்யும்போது இதே டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடும், ஏனென்றால் ஹெட் அலைய வேண்டியதில்லை. ஆன் ஆகும்போது நிலைமை வேறு. விண்டோஸ் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது, ஆன்டிவைரஸும் அப்டேட்டும் குறுக்கே புகுந்து தங்கள் பங்குக்குக் கேட்கின்றன. ரேஷன் கடையில் பில் போடுபவரே எழுந்து போய் அரிசி அளந்து கொடுத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்த கார்டை வாங்குகிற கதை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்குத் தட்டே கிடையாது. அங்கே ஒரு துணுக்கைக் கொடுக்க 0.1 மில்லிசெகண்ட் போதும்.

அடுத்ததாக, டிஸ்க் வெறும் மெதுவா, இல்லை சாகக் கிடக்கிறதா என்று தெரிய வேண்டும். இதைப் பார்க்காமல்தான் பலர் போட்டோக்களைத் தொலைக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்க்கைச் சொடுக்கினால் கீழே "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்" என்று ஓர் எண் ஓடும். பத்து, இருபது மில்லிசெகண்ட் என்றால் சரி. வேலை குவியும்போது சில நூறுக்கு ஏறி இறங்குவதும் சகஜம். வேகம் அரை எம்பியைத் தாண்டாமல் ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் இரண்டாயிரம், ஐயாயிரம் என்று குதித்துக்கொண்டே இருந்தால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்துத் தோற்கிறது என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்துகொள்ள கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை அது எடுத்துக் காட்டும். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் இருப்பவை. இவற்றில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் மஞ்சளில் "காஷன்" என்று எழுதிவிடும்.

மஞ்சளைப் பார்த்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், கணக்கு ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வைத்துவிடுங்கள். முக்கியமானது முதலில், சினிமாவெல்லாம் கடைசியில். சாகும் டிஸ்க்கில் ஃபார்மட் போடுவது போல மோசமான யோசனை வேறில்லை. டேட்டாவும் போகும், புது விண்டோஸும் அதே ஓட்டை செக்டார்களின் மேல்தான் உட்காரும்.

அதே பட்டியலில் சி7 என்ற வரியின் எண் நாளுக்கு நாள் ஏறினால் சந்தோஷப்படலாம். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளில்தான் பெரும்பாலும் கோளாறு. கேபிளை மாற்றினால் ஏறுவது நிற்கும், பழைய எண் மட்டும் அழியாமல் அப்படியே இருக்கும்.

டிஸ்க் நல்லபடியாகவே இருந்தாலும் கடைக்காரர் ஃபார்மட்டைத்தான் சொல்வார், ஏனென்றால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் சிஸ்டம் உண்மையிலேயே பறக்கும். ஆன் ஆகும்போது கூடவே எழும் குப்பைகள் எல்லாம் போயிருக்கும் அல்லவா? அந்தக் குப்பையை ஃபார்மட் இல்லாமலே நீக்கலாம். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் டோரன்ட், மீட்டிங் செயலிகள், பிரிண்டர் கம்பெனியின் உதவியாளர், எப்போதோ போட்ட கேம் லாஞ்சர் எல்லாவற்றையும் டிசேபிள் செய்துவிடுங்கள். எதுவும் அழியாது, தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஃபார்மட் போட்டே தீர வேண்டும் என்றால், "சி டிரைவ் மட்டும்தான் சார் போகும்" என்று கடையில் சொல்லும்போது, டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் டவுன்லோட்ஸிலும் இருப்பது எல்லாம் அந்த சி டிரைவில்தான் என்பது நினைவிருக்கட்டும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்கள் ஃபான்ட் ஃபைல்களையும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் கடிதம் இருக்கும், படிக்க முடியாது.

இனி மைத்துனரின் ரேம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, வரிசைதான் மாறியிருக்கிறது. 4 ஜிபியில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். மீதியில் குரோம் பத்து டேப் திறந்தால் மெமரி பத்தி 90-ஐத் தொடும். இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் பேஜ் ஃபைலுக்குத் தள்ளி, வேண்டும்போது திரும்ப எடுக்கும். அப்போதும் டிஸ்க் 100%-தான் காட்டும். ஆக டிஸ்க் 100% என்றால் குற்றம் டிஸ்க்குடையதாகவும் இருக்கலாம், ரேமுடையதாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி: எதையும் திறக்காத நிலையிலேயே மெமரி 50, 60-ல் இருக்க டிஸ்க் 100-ல் நின்றால் டிஸ்க்தான். முதலில் ஒழுங்காக இருந்து, டேப் ஏற ஏற இரண்டும் சேர்ந்து ஏறினால் ரேம். உங்களுக்கு இரண்டும் இருக்கும் போலத் தெரிகிறது. கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் எஸ்எஸ்டி முதலில். ரேம் கூட்டினால் குரோம் மட்டும் சுகப்படும், எஸ்எஸ்டி போட்டால் ஆன் ஆவதிலிருந்து எல்லாம் மாறும். அடுத்த மாதம் ரேமை 8 ஜிபி ஆக்கிக்கொள்ளலாம். பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் "ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2" என்று காட்டும். ஒரு ஸ்லாட் காலி என்றால் பழையதைக் கழற்றவே வேண்டாம்.

2018 டெஸ்க்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி கவலையில்லாமல் பொருந்தும். ஒரு சாட்டா கேபிள் கூடவே வாங்குங்கள், எஸ்எஸ்டி டப்பாவுக்குள் பெரும்பாலும் அது இருக்காது. 256 ஜிபி போதும். விண்டோஸும் மென்பொருள்களும் அதில் இருக்கட்டும், நல்ல நிலையில் இருந்தால் பழைய 1 டிபியை போட்டோவுக்கும் சினிமாவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியையும் வழிய வழிய நிரப்பாதீர்கள், கொஞ்சம் காலியிடம் இருந்தால்தான் எழுதும் வேகம் குறையாது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும், எம்.2 ஸ்லாட் (சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டியை மாட்டும் இடம்) இருந்தால் அது சாட்டா வகையை ஏற்குமா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்குமா என்று மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

டிஸ்க்கும் மெமரியும் அமைதியாக இருந்து சிபியு பத்தி மட்டும் எகிறினால் கதை வேறு. எந்த வேலையும் இல்லாதபோதே 80, 90 என்று ஓடினால் யார் சாப்பிடுகிறார்கள் என்று பெயரைப் பாருங்கள். கிராக் செய்த மென்பொருளும் ஆக்டிவேட்டரும் போட்ட சிஸ்டங்களில் உங்கள் ப்ராசஸரைத் திருட்டுத்தனமாக உழைக்கவைத்து யாருக்கோ காசு சம்பாதிக்கும் கிரிப்டோ மைனர் ஒளிந்திருப்பது உண்டு. ஸ்கேன் போட்டுப் பாருங்கள். இன்னொன்று சூடு. நம் வீடுகளில் சிபியு பெட்டி தரையில், துடைப்பம் போகிற உயரத்தில் இருக்கும். ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்றாலே போதும், ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஆன் செய்கிற வீட்டு சிஸ்டம் எப்போதுமே ஸ்லோவாகத்தான் தெரியும். ஒரு வாரத்து அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், குரோம் அப்டேட் எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்குள் ஓடும். நீங்கள் எரிச்சலில் அணைத்துவிடுவீர்கள். பாதியில் நின்றது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்கும். ஒருநாள் ஆன் செய்து இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுப் பாருங்கள். அதோடு, விண்டோஸ் 8-லிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஏற்பாட்டில், ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக மூடுவதில்லை. உள்ளே ஒரு பகுதியை அப்படியே சேமித்து வைத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாய் எழ வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டாதவை நிறைய. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று அடிப்பதால் ஐகான்கள் மறுபடி வரையப்படுமே தவிர ரேம் ஒரு துளியும் காலியாகாது. இதை ஒரு சடங்காகவே செய்பவர்களை நான் தடுப்பதில்லை, மனசுக்கு நல்லது. மென்பொருள்களைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் குறிப்பு வைத்திருக்கும் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழித்தால் அடுத்த முறை மென்பொருள்கள் இன்னும் மெதுவாகத் திறக்கும், விண்டோஸ் அதை மறுபடி எழுதிக்கொள்ளும். ஒரே பொத்தானில் வேகம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் கிளீனர்கள் ஸ்டார்ட்அப்பில் இன்னொரு குப்பையாக உட்காரும். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றை ஒன்று சோதித்துக்கொண்டிருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும்.

புதிது வாங்குவதைப் பற்றி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உங்கள் ஐ3 எட்டாம் தலைமுறை என்றால் (மாடல் எண் 8-ல் தொடங்கும், 8100 மாதிரி) விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகவே ஏறும். டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) இல்லை என்று சொன்னால், பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) பிடிடி என்பதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். ஏழாம் தலைமுறை, அதாவது 7100 என்றால் அந்த வழி அடைப்பு. நெட், டைப்பிங், யூடியூப் அளவுதான் வேலை என்றால் எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், தமிழ் டைப்பிங்கும் வரும். பிள்ளைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளோ வேறு விண்டோஸ் மென்பொருளோ கட்டாயம் என்றால் மட்டும் புதிதுக்குப் பணம் சேர்க்கலாம். அதற்குள் எஸ்எஸ்டியில் போட்ட காசும் வீண் போகாது, கழற்றிப் புது டெஸ்க்டாப்பில் மாட்டிக்கொள்ளலாம். விலை குறைவு என்று 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சியும் (மலிவு லேப்டாப்களில் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்புச் சில்லு) உள்ள லேப்டாப்பை மட்டும் தூக்கி வந்துவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு நீங்கள் நினைத்தாலும் கூட்ட முடியாது.