புதுப் பஸ் வாங்காமல் ராமேஸ்வரம் டவுன் பஸ் சேவையைச் சில மாதங்களில் சரிசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும். குறுகிய காலத் திட்டம் என்றாலே இருக்கிற பஸ், டிரைவர், கண்டக்டரை வைத்து நேர அட்டவணையை மாற்றுவதுதான்.

முதலில் ஓட்ட நேரம். ஒரு தடத்தில் போய்வர 60 நிமிஷம் என்றால், 4 பஸ் இருந்தால் 15 நிமிஷத்துக்கு ஒன்று வரும். பாம்பன் சாலைப் பாலத்தில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கடலை வேடிக்கை பார்க்கிறவர்களால் அதுவே 80 நிமிஷம் ஆனால், அதே 4 பஸ் 20 நிமிஷத்துக்கு ஒன்றுதான். காகிதத்தில் மட்டும் 15 என்று எழுதி வைப்பதில் யாருக்கு லாபம்? விடுமுறை நாளுக்குத் தனி அட்டவணை போட்டுவிடலாம்.

அப்புறம் கூட்டக் கணக்கு. வசூலைப் பார்த்து பஸ் நடையை (டிரிப்பை) குறைக்கக் கூடாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடிகாலையில் மீன் விற்கக் கிளம்பும் பெண்கள் வசூலில் தெரியமாட்டார்கள். கட்டணமில்லா டிக்கெட்டுகளை எண்ணினால்தான் தெரிவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது கூட்டம் குறைந்தால் ஒரு நடையைக் கோடைப் பயணிகளுக்காகத் தனுஷ்கோடிப் பக்கம் திருப்பலாம். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும், அதனால் முழுதாக நிறுத்திவிடக் கூடாது.

ஆடி, தை அமாவாசை வேறு கதை. அக்னி தீர்த்தத்துக்கு எந்தத் தேதியில் கூட்டம் வரும் என்பது காலண்டரிலேயே இருக்கிறது. வேறு டிப்போவிலிருந்து ஸ்பேர் பஸ் வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் இடையே மட்டும் ஓட்டலாம். டிரைவரின் ஓய்வு நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.